புகைபோக்கி ஓரத்து பெஞ்சு

கப்பலில் இடம் பிடிப்பதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. பிரேயுஸ் துறைமுகத்தில் கப்பலின் பின்கதவு இறங்கித் தரையில் இடிக்கும் சத்தம் அடங்குவதற்குள் நிக்கிஃபோரோஸ் லாரிகளுக்கு நடுவே புகுந்து, படிகளை இரண்டிரண்டாகத் தாவி, மேல்தளத்துக்குப் போயிருப்பார். அங்கே புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு உண்டு. தன் நீலக் கோட்டைக் கழற்றி அதன்மேல் வீசிவிட்டு, உலகத்தையே வாங்கியவர் போல இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார். நான் மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது, "வா, ராணியம்மா. கோட்டை நகர்த்திட்டு உக்காரு," என்பார்.

மேல்தள டிக்கெட்தான் இருப்பதிலேயே மலிவு. வெயிலும் நமக்குத்தான், காற்றும் நமக்குத்தான். ஆனால் புகைபோக்கி ஓரம் மட்டும் வேறு. அந்த இரும்புச் சுவர் வழி முழுக்கச் சூடாக இருக்கும், காற்றையும் மறைக்கும். கீழே மெத்தை நாற்காலிக்கும் படுக்கை அறைக்கும் காசு கொடுத்தவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அவித்த முட்டையும் தக்காளியும் தின்றுகொண்டு முதுகைச் சூடாக்கிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஊர் அனாஃபி. கப்பல் நிற்கும் கடைசித் தீவு. வெளிநாட்டுக்காரர்களும் புதுமணத் தம்பதிகளும் சாந்தோரினியில் இறங்கிவிட்ட பிறகு, காலியான கப்பலில் நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள் மிஞ்சுவோமே, அந்த ஊர். கடைசி ஊர் என்பதால் டிக்கெட் விலையும் அதிகம். பெராமாவில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. அதனால் மலிவாக ஊர் போவதையே அவர் ஒரு வித்தையாக வைத்திருந்தார். தக்காளி லாரிக்காரர்களோடு சிநேகம் பிடிப்பார். லாரி கப்பலில் ஏறினால் டிரைவருக்குத் தனி டிக்கெட் வேண்டாம், கூட ஓர் ஆளையும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு தடவை என்னையும் அப்படி ஏற்றிவிட்டார். டிக்கெட் பார்க்கிறவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ என்னம்மா ஓட்டுறே?" என்று கேட்டான். "அதோ நிக்கிறாரு பாரு, அவரை ஓட்டுறேன்," என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

ஆனால் எல்லாவற்றையும் விட மலிவு தேர்தல்தான். பிரேயுஸ் பக்கம் கெரட்சினியில் குடியேறி நாற்பது வருடம் ஆன பிறகும் எங்கள் ஓட்டு மட்டும் அனாஃபியிலேயே இருந்தது. எங்களுக்கு மட்டுமா, ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் அப்படித்தான். சின்னத் தீவு. மேயர் தேர்தலில் பத்து ஓட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தால் முடிந்தது கதை. அதனால் நிற்கிறவர்கள் எங்களைத் தேடிப்பிடித்து, போக வரக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள். இவர் ஒருவனுடைய டிக்கெட்டில் போய் இன்னொருவனுக்கு ஓட்டுப் போட்டு வருவார். அதை ஒளிக்கவும் மாட்டார்.

இத்தனை பாடுபட்டு அங்கே போவது கடலில் குளிக்க இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு குழந்தை, ஃபோத்தினி. அப்போது நாங்கள் அனாஃபியில்தான் இருந்தோம். ஆறு வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காற்று அடித்தது, கப்பல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வந்தபோது தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் காற்றின் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை, கிளம்பி வந்துவிட்டோம். மலைச்சரிவில் அவர் குடும்பத்துக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். உள்ளே சுவரில் ஒரு மாடம். புதைத்துச் சில வருடம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். அதில் என் மாமியார், மாமனார் எலும்புப் பெட்டிகள், அவற்றுக்குப் பக்கத்தில் ஃபோத்தினியின் சின்னத் தகரப் பெட்டி. அதற்கும் பக்கத்தில் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்குக் காலி இடம். போகிறபோதெல்லாம் அவர் அந்தக் காலி இடத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பார். கிளம்பும்போது மாடத்துக்குள் தலையை விட்டு, "அடுத்த தடவை அப்பா இங்கேயே இருந்துடுறேன், சரியா?" என்பார். எனக்குக் கோபம் வரும். "வாயக் கழுவுங்க," என்பேன்.

உலகம் முழுக்கத் தொற்று பரவின வருடத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தொற்று இல்லை, நெஞ்சுதான். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. போனில்தான் பேசினோம். பக்கத்துக் கட்டில்காரருடைய போன். குரல் காற்றுப் போல வந்தது.

"அனெசினா, ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் போயிட்டா, சவவண்டியைக் கப்பல்ல ஏத்தி ஊருக்குக் கொண்டு போறேன்னு கிளம்பிடாதே. விலை கேட்டுட்டேன். கொள்ளை அடிக்கிறானுங்க."

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு இதையா விசாரிச்சீங்க?"

"வேற வேலை என்ன இருக்கு? கேளு. இங்கேயே நகராட்சிக் கல்லறையில போடு. மூணு வருஷம். அப்புறம் எப்படியும் தோண்டி எடுக்கச் சொல்லிடுவாங்க. எலும்பைக் கழுவிப் பெட்டியில போட்டா, பெட்டிக்கு டிக்கெட் கிடையாதுடி! மடியில வச்சுக்கிட்டுப் போயிடலாம்." அவர் சிரித்தார், இருமினார். "இதை விட மலிவா யாரும் அனாஃபிக்குப் போனதில்ல."

"வாயக் கழுவுங்க," என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது.

முகத்தைக் காட்டவில்லை. அந்த நாட்களில் எதனால் போனாலும் எல்லோரையும் ஒரே மாதிரி சுற்றி, பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். கல்லறைக்கு நானும் அவர் தங்கை கலோத்தினாவும் பாதிரியாரும் மட்டும் போனோம்.

அவர் சொன்னபடியே மூன்று வருடம் காத்திருந்தேன். அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கணவரை அடக்கம் செய்த மாதிரி இல்லை, எங்கோ வரிசையில் உட்காரவைத்துவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது. தச்சரிடம் சொல்லி வால்நட் மரத்தில் ஒரு பெட்டி செய்தேன். மேலே அவர் பெயர். மாடத்தின் அளவு எனக்கு மனப்பாடம்.

மூன்றாம் வருடம் முடிகிற சமயத்தில் அர்கீரிஸ் போன் செய்தான். அனாஃபியில் மளிகைக் கடை வைத்திருப்பவன், எங்களுக்குத் தூரத்து உறவு. இந்தத் தடவை மேயருக்கு நிற்கிறான்.

"அத்தை, எப்படி இருக்கீங்க? தேர்தல் வருது. உங்க வீட்டுக்கு ரெண்டு டிக்கெட் அனுப்புறேன்."

"ரெண்டா? உங்க மாமா போய் மூணு வருஷம் ஆச்சேடா."

"ஐயோ, ஆமால்ல? பட்டியல்ல பேரு இன்னும் இருக்கு அத்தை. அதைப் பார்த்து மொத்தமா எடுத்துட்டேன். தப்பா நினைக்காதீங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெட்டிக்கு டிக்கெட் கிடையாது என்று சொன்ன மனுஷனுக்கு டிக்கெட்டே வந்துவிட்டது பார்.

"இருக்கட்டும் அர்கீரிஸ். ரெண்டையும் அனுப்பு. அவரும் வராரு."

அவன் புரிந்துகொண்டான். "எலும்பு எடுக்கிறீங்களா? நல்ல காரியம் அத்தை. கோயிலைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்றேன். ஆனா ஓட்டா எண்ண மாட்டாங்களே!"

"உயிரோட இருந்தப்பவே அவரு உங்க கட்சிக்குப் போட்டதில்ல. இப்ப மட்டும் போட்டுருவாராக்கும்?"

தேர்தலுக்கு முந்தின வாரம் எலும்பு எடுக்க நாள் குறித்தார்கள். காலையிலேயே கலோத்தினா வந்துவிட்டாள். கறுப்பு உடை, கறுப்பு முக்காடு, கையில் பிளாஸ்டிக் குப்பியில் ஊர் வைன், எலும்பு கழுவ. இறந்தவர் பெயரில் வந்தவர்களுக்குக் கொடுக்க, நான் கோதுமை வேகவைத்து, மாதுளையும் சர்க்கரையும் கலந்து எடுத்துப் போயிருந்தேன். வெள்ளைத் துணி, வால்நட் பெட்டி, எல்லாம் தயார்.

குழி தோண்டுகிற கோஸ்மாஸ் என்ற மனிதர் மண்வெட்டியைப் பிடிக்கும்போதே கேட்டார், "எங்கே கொண்டு போறீங்க அம்மா?"

"அனாஃபிக்கு. சனிக்கிழமை கப்பல்ல."

"நல்ல ஊரு. காத்து ஜாஸ்தி."

"ஆமா," என்றேன்.

தோண்டினார். முதலில் மரப்பலகை உளுத்து வந்தது. கலோத்தினா வைன் குப்பியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கோஸ்மாஸின் மண்வெட்டி ஒரு மாதிரி சத்தம் போட்டது. மண்ணில் படுகிற சத்தமும் இல்லை, மரத்தில் படுகிற சத்தமும் இல்லை. அவர் நிறுத்தினார். குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினார். சாம்பல் நிறத்தில் ஒரு ஓரம் தெரிந்தது. மழைக்கு லாரிமேல் போடுவார்களே, அந்த மாதிரி உறை.

"அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"என்ன?"

"திரும்புங்கம்மா."

திரும்பினேன். கத்தியால் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மேலே ஏறி வந்து கையுறையைக் கழற்றினார்.

"இன்னும் கரையல அம்மா."

கலோத்தினா சிலுவை போட்டுக்கொண்டாள். "எந்தப் பாவி சாபம் விட்டாளோ! எங்கண்ணன் யாருக்கு என்ன கெடுதல் பண்ணான்? மண்ணே வாங்கிக்கலியே!"

"சாபமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் கோஸ்மாஸ். "நைலான். ஆஸ்பத்திரியில சுத்தினது. மண்ணு உள்ளேயே போகல. அந்த வருஷம் வந்தவங்க பாதிப் பேரு இப்படித்தான் இருக்காங்க. போன வாரம் ஒரு சின்னப் பொண்ணோட அம்மா... விடுங்க."

நான் குழியைப் பார்க்க ஓர் அடி வைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் முகத்தைக் காட்டவில்லையே. இப்போது இதோ, கையெட்டும் தூரத்தில் இருக்கிறார். கோஸ்மாஸ் குறுக்கே வந்து நின்றார். பெரிய உடம்பு, மண் வாசனை.

"வேணாம்மா. நான் பார்த்துட்டேன். அது போதும்."

"அவருக்கு டிக்கெட் இருக்கு," என்றேன். என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "சனிக்கிழமைக்கு அவர் பேர்ல டிக்கெட் இருக்குங்க."

"இப்படியே கொண்டு போகணும்னா ஈயப் பெட்டி வேணும், சவவண்டி வேணும், அனுமதி வேணும்..."

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்களால் முடியாமல் போன அதே கணக்கு.

"அப்புறம் எப்போ?"

"உறையை எடுத்துட்டு, அந்த மூலையில மண்ணு லேசா இருக்கு, அங்க மாத்திப் போடுறேன். மூணு வருஷம். நாலுகூட ஆகலாம்." என் தலைமுடியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பிள்ளைங்க யாராவது இருக்காங்களா அம்மா? அப்ப வந்து எடுக்கிறதுக்கு?"

"இருக்கா. அனாஃபியில இருக்கா," என்றேன்.

மூலையில் மாற்றிப் போட்டு மூடின பிறகு கலோத்தினா வைனை அந்த மண்மேல் ஊற்றினாள். கோதுமையைக் காகிதக் கோப்பைகளில் போட்டு கோஸ்மாஸுக்கும் பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த பெண்களுக்கும் கொடுத்தேன். அவர்கள் "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பெட்டி கனமே இல்லை.

கலோத்தினா சமையலறையில் உட்கார்ந்து கத்தினாள். "எதுக்கு அண்ணி இப்போ போகணும்ங்கிறே? ஓசி டிக்கெட்டு வீணாப் போயிடும்னா? ஊரே கேக்கும், எங்கே எலும்புன்னு. என்னன்னு சொல்லுவே? நைலான்னா? நம்ம ஊர்ல எவ நம்புவா?"

"ஊருக்கு நான் ஏன் சொல்லணும்? குழந்தைகிட்ட சொல்லணும். அவரு அடுத்த தடவை வந்து இருந்துடுறேன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. போன தேர்தல்லேருந்து நாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா."

அவள் எழுந்து முட்டை அவிக்கப் போட்டாள். "தக்காளி இருக்கா வீட்ல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

பீரோவில் அவருடைய நீலக் கோட்டு இருந்தது. முழங்கை தேய்ந்து, பட்டறை எண்ணெய்க் கறையோடு. சனிக்கிழமை காலையில் அதைக் கையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

என்னால் படிகளைத் தாவ முடியாது. நான் மேலே போய்ச் சேருவதற்குள் ஓட்டுப் போடப் போகிற கூட்டம் பாதித் தளத்தை நிரப்பிவிட்டது. ஆனால் புகைபோக்கி ஓரத்து பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டின் அருமை இப்போது யாருக்கும் தெரிவதில்லை போலும். நான் உட்கார்ந்து, பக்கத்தில் கோட்டை விரித்துப் போட்டேன்.

பாரோஸ் தீவைத் தாண்டியபோது முதுகில் பெரிய பை சுமந்த ஒரு இளம்பெண் வந்து நின்றாள். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. "பாட்டி, இங்க யாராவது இருக்காங்களா?"

"ஆள் இருக்கு," என்றேன்.

"எங்கே, உள்ளே போயிருக்காரா?"

"வந்துருவாரு."

அவள் வேறு இடம் தேடிப் போனாள். பாவம், குளிரில் நடுங்கினாள். நான் கோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு சாந்தோரினி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். முட்டையில் இரண்டு அவர் பங்கு. சாப்பிடவில்லை, தூக்கியும் போடவில்லை.

அர்கீரிஸ் துறைக்கு வந்திருந்தான். என் கையில் கோட்டு மட்டும் இருப்பதைப் பார்த்தான். பின்னால் தேடினான்.

"மாமா எங்கே அத்தை?"

"கப்பலைத் தவற விட்டுட்டாரு."

அவன் என் பையை வாங்கிக்கொண்டான். நல்ல பையன். அன்றிரவு அவன் கடை மாடியில் படுத்தேன். காற்று லேசாக ஆரம்பித்தது. போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் ஓட்டு. பட்டியலில் என் பெயரைத் தேடி விரலை ஓட்டிய அதிகாரி, அதற்கு நேர் மேல் வரியில் விரலை நிறுத்தினார். "இவர்... நிக்கிஃபோரோஸ்? உங்க வீட்டுக்காரரா? வரலையா?"

"வரல," என்றேன்.

அவர் அடுத்த வரிக்குப் போனார். நான் அர்கீரிஸுக்கே போட்டேன். டிக்கெட் கொடுத்தவனுக்கே ஓட்டுப் போட்டது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை.

கோயில் சாவி எப்போதும் போலக் கல்லுக்கு அடியில் இருந்தது. உள்ளே கழுவி விட்டிருந்தார்கள். மாடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு கூட அடித்திருந்தார்கள், அவர் வருகிறார் என்று. விளக்குக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றினேன். மாமியாருக்கும் மாமனாருக்கும் வணக்கம் சொன்னேன். தகரப் பெட்டிமேல் தூசியே இல்லை, இருந்தாலும் முக்காட்டால் துடைத்தேன்.

என்ன சொல்வது என்று கப்பலில் வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"ஃபோத்தினி, அப்பா வரேன்னுதான் சொன்னாரு கண்ணு. டிக்கெட் எல்லாம் இருந்துச்சு. அவரு மேல தப்பில்ல. உனக்கு அன்னிக்குக் கப்பல் வரல பாரு, அந்த மாதிரிதான். அவருக்குக் கப்பல் வந்துச்சு, அவருதான் இன்னும்..."

அதற்குமேல் சொல்ல வரவில்லை. ஆறு வயதுக் குழந்தையிடம் எதைச் சொல்ல? அம்மாவுக்கு வயசாகிவிட்டது, அடுத்த தடவை அப்பாவைத் தூக்கிவர மடி இருக்குமோ இருக்காதோ தெரியவில்லை என்றா?

நீலக் கோட்டை நாலாக மடித்தேன். காலி இடத்துக்குள் வைத்தேன். அளவு சரியாக இருந்தது. கோட்டின் ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துத் தகரப் பெட்டியின் மேல் போட்டேன்.

"இடம் பிடிச்சு வச்சிருக்கேன்," என்றேன். யாரிடம் சொன்னேனோ.

கீழே கப்பல் ஊதியது. ஓசி டிக்கெட்டில் அந்தக் கப்பலுக்குத்தான் திரும்பலாம், அடுத்ததற்கு என் கையில் காசில்லை. பூட்டிச் சாவியைக் கல்லுக்கடியில் வைத்துவிட்டு இறங்கினேன். அர்கீரிஸ் என் பையைத் தூக்கி வந்து, ஏற்றிவிட்டு, கதவருகே நின்றான்.

"அடுத்த தேர்தலுக்கும் ரெண்டு டிக்கெட் எடுத்துடுறேன் அத்தை. சத்தியம்."

"அப்போ நாங்க ரெண்டு பேருமே பெட்டியில வருவோம்டா. மடியில வச்சுக்க ஆளைத் தேடி வை."

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

மேலே ஏறினேன். புகைபோக்கி ஓரத்து பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். இரும்பு சூடாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டிலிருந்து காற்று வந்தது. எப்போதும் அந்தப் பக்கம் அவர் உட்காருவார். அதனால் எனக்கு இத்தனை வருடமும் அது தெரியவில்லை. தீவு மெல்ல நகர்ந்தது. கோயிலின் வெள்ளை ஒரு புள்ளியாகி, அப்புறம் எது கோயில் எது பாறை என்று தெரியவில்லை.

சாந்தோரினியில் கூட்டம் ஏறியது. ஒரு கிழவர், கையில் தடி, பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

கையால் பெஞ்சைத் தடவினேன். போட்டு மறைக்க ஒன்றும் இல்லை.

"காலிதான்," என்றேன். "உக்காருங்க."